ஆஸ்பத்திரி மோதிரம்

எங்கள் தெருவில் குடியிருக்கும் நர்ஸ் பெண் ஒருத்தி போன வாரம் டூட்டி முடிந்து வரும் வழியில் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் எரிச்சல். அன்று அவர்கள் ஆபரேஷன் தியேட்டருக்கு ஒரு புதுப்பெண் வந்திருக்கிறாள். இரண்டு கையிலும் முழங்கை வரை மருதாணி, பத்து நகமும் கருஞ்சிவப்பு. ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்ட விரலில் மாட்டுகிற கிளிப் சரியாக எண் காட்டாமல் எல்லோரையும் படுத்தி எடுத்துவிட்டதாம்.

"ஆன்ட்டி, இந்த மெஷினே இல்லாத காலத்துல நீங்கல்லாம் எப்படித்தான் சமாளிச்சீங்க?" என்று கேட்டாள்.

"கண்ணால பார்த்தோம்மா" என்றேன்.

நான் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். காபி குடித்துவிட்டுக் கிளம்பிப் போனாள். எனக்குத்தான் அதை அந்தச் சிரிப்போடு விட்டுவிட மனம் வரவில்லை. அவளுக்காகவும், அவளுக்குப் பின்னால் வரப்போகிற பெண்களுக்காகவும் இதை எழுதி வைக்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது அம்பத்தூரில். பள்ளிப் படிப்பு முடிந்ததும் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் பயிற்சி. அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படுக்கை விரித்தோம், ஊசிகளைக் கொதிக்க வைத்தோம், திட்டு வாங்கினோம், பாஸ் செய்தோம். அறுபதுகளின் நடுவில் பூந்தமல்லியை ஒட்டியிருந்த ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஓட்டுக் கட்டடம். முன்பக்கம் கொடுக்காப்புளி மரம், பின்பக்கம் மல்லிகைத் தோட்டம். காலையில் பூப்பறிக்கிற பெண்களின் பேச்சுச் சத்தத்தில்தான் வார்டு கண் விழிக்கும். அந்தத் தோட்டத்துக்கு வேலியாக நின்றது மருதாணிச் செடி. நகத்தில் மருதாணி கூடாது என்று ஊரோடு சண்டை போட்ட எங்கள் ஆஸ்பத்திரிக்கு மருதாணியே வேலி!

அந்தப் பக்கத்தில் மருதாணி இடாத வீடு கிடையாது. ஆடி பிறந்தால் அம்மிக்கு ஓய்வு இருக்காது. காட்டுப்பாக்கம், வானகரம் பக்கத்து வீடுகளில் இலையோடு கொட்டைப்பாக்கும் கொஞ்சம் புளியும் சேர்த்து மையாக அரைத்து, விரல் நுனிகளுக்குத் தொப்பி வைப்பார்கள். உள்ளங்கை நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் பொட்டுகள். அவ்வளவுதான் கோலம். பூந்தமல்லி முஸ்லிம் வீடுகளில் இது இன்னும் பெரிய கலை. தேயிலைச் சாறும் எலுமிச்சையும் கிராம்பும் விட்டு அரைத்து, துணியில் வடிகட்டி, தென்னை ஈர்க்குச்சியின் நுனியால் கொடி இழுப்பார்கள், பூப் போடுவார்கள். பெருநாளுக்கும் நிக்காஹுக்கும் அந்தத் தெருக்களில் நடந்தாலே வாசனை மூக்கைத் துளைக்கும். நாற்று நடுகிற பெண்கள் சேற்றுப்புண்ணுக்கு அதையே காலில் அப்பிக்கொள்வார்கள். நகச்சுத்தி வந்தாலும் அதுதான் மருந்து. முதியவர்களின் தாடியிலும் அந்தச் சிவப்பைப் பார்க்கலாம். வளைகாப்புக்கு முந்தின நாள் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஊரே கூடி மருதாணி வைக்கும். நன்றாகச் சிவந்தால் புருஷனுக்கு அவள்மேல் ஆசை அதிகம் என்று கேலி நடக்கும். சிவக்காவிட்டால் யாரும் எதுவும் பேச மாட்டார்கள், அவ்வளவு நம்பிக்கை.

இந்த ஊருக்குள்தான் எங்கள் மேட்ரன் அருளம்மாள் வந்து சேர்ந்திருந்தார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. கல்யாணம் செய்துகொள்ளாதவர். நாங்கள் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவோம். குரலை உயர்த்தியதே இல்லை. அவர் குரல் தாழ்ந்தால்தான் நாங்கள் பயப்படுவோம். கர்ப்பிணி யார் வந்தாலும் பேர், ஊர் எல்லாம் அப்புறம். முதலில் கையை நீட்டச் சொல்வார். ஈரப் பஞ்சால் விரலைத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், தன் கட்டைவிரலால் நகத்தை ஒரு அழுத்து அழுத்துவார். நகம் வெளுக்கும். விடுவார். ரோஜா நிறம் மெல்லத் திரும்பி வரும்.

"அவசரப்படாத பிள்ளே. ரத்தம் நடந்து வரட்டும்" என்பார் என்னிடம்.

அது எவ்வளவு சீக்கிரம் வருகிறது, எவ்வளவு சிவப்பாக வருகிறது என்பதை வைத்தே அந்தப் பெண்ணுக்கு ரத்தம் போதுமா, பிரசவத்தைத் தாங்குவாளா என்று பாதி சொல்லிவிடுவார். ஆபரேஷனின்போது இது இன்னும் முக்கியம். எங்களிடம் இருந்தது ஈதர். கம்பிக் கூடுபோல ஒரு முகமூடி, அதன்மேல் மடித்த துணி, அதில் சொட்டுச் சொட்டாக ஈதர் விடுவார்கள். மயங்கிக் கிடக்கிறவளுக்கு மூச்சு சரியாகப் போகிறதா என்று அறிவிக்க எந்த மணியும் அடிக்காது. நகம் நீலம் பாரித்தால் ஆபத்து. அதைப் பார்த்துச் சொல்ல ஒரு நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும்.

நகத்தில் மருதாணி ஏறிவிட்டால்? தோலில் இட்டது சில வாரங்களில் மங்கிவிடும். நகத்தில் ஏறியது நகம் வளர்ந்து வெட்டுப்பட்டால்தான் போகும். செங்கல் நிறத்தில் இருக்கும் நகத்தில் வெளுப்பும் தெரியாது, நீலமும் தெரியாது.

அதனால் மேட்ரன் ஒரு கட்டளை போட்டார். கர்ப்பிணிகள் மருதாணி இட்டுக்கொண்டு வரக் கூடாது. மீறி வந்தால் பிளேடை எடுத்து நகத்தின் மேல் சிவப்பை மெல்லச் சுரண்டுவார். வலிக்காது. ஆனால் அந்தப் பெண்கள் அழுவார்கள். வானகரத்திலிருந்து வந்த ஒரு பெண், "தாலிய அறுக்கற மாதிரி கீதும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். ஏன் சுரண்டுகிறோம் என்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை. அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகளில் காரணம் சொல்கிற பழக்கமே கிடையாது. 'செய்', 'செய்யாதே', இரண்டே வார்த்தைதான்.

விளைவு என்ன ஆனது என்றால், வளைகாப்புக்குப் பிறகு பெண்கள் எங்கள் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். எந்த மாதங்களில் கட்டாயம் வர வேண்டுமோ அந்த மாதங்களில் பெஞ்சு காலியாகக் கிடக்கும்.

அப்படி வராமல் இருந்தவர்களில் ஒருத்திதான் பல்கீஸ்.

ஒரு நாள் காலை வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெண்ணைப் போர்வையோடு தூக்கி இறக்கினார்கள். இருபது வயதுகூட இருக்காது. முந்தின நாளே வலி கண்டிருக்கிறது. வீட்டில் மருத்துவச்சி பார்த்துப் பார்த்து, முடியாமல் கைவிரித்துவிட்டாள். கூட வந்தது மாமியார் கதீஜா பீவி. அவரைப் பூந்தமல்லி முழுக்கத் தெரியும். நிக்காஹ் வீடுகளில் மணப்பெண்ணுக்கு மருதாணி இட அவரைத்தான் அழைப்பார்கள். அவர் ஈர்க்குச்சியால் இழுக்கும் கொடி நடுவில் எங்கும் அறுபடாது என்று சொல்வார்கள்.

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். குழந்தை குறுக்கே கிடந்தது.

"உடனே ஆபரேஷன் பண்ணணும். மேட்ரன், ஈதர் நீங்க கொடுங்க" என்றார்.

மேட்ரன் வழக்கம்போலப் பல்கீஸின் கையை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினார். நானும் பார்த்தேன். இவ்வளவு அழகான மருதாணியை நான் அதுவரை பார்த்ததில்லை. மணிக்கட்டிலிருந்து கிளம்பிய கொடி ஒவ்வொரு விரலிலும் ஏறி, நகத்தில் மொட்டாக முடிந்தது. பத்து நகமும் நல்ல சிவப்பு. கால் விரல்களும் அப்படியே. வலி தாங்க வெற்றிலை போட்டபடி இருந்ததால் உதடும் நாக்கும் அதே நிறம்.

மேட்ரனின் குரல் தாழ்ந்தது. "எங்கே பாக்கிறது? பாக்கிறதுக்கு இந்தப் பிள்ளைட்ட ஒரு இடம் இல்லையே."

கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வெளுப்பு. ரத்தம் குறைவான உடம்பு என்று தெரிந்துவிட்டது. ஆபரேஷன் முழுக்க இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. அவ்வளவு ஆழமாக ஏறிய சிவப்பைச் சுரண்டி எடுக்க, ஒரு நகத்துக்குக்கூட நேரம் இல்லை.

"காது. காதுமடல் போதும்" என்றார் டாக்டரம்மா.

பல்கீஸின் காதில் மடலின் ஓரம் முழுக்க வரிசையாகத் துளையிட்டு வளையம் வளையமாக நகை. அலுக்கத்து என்பார்கள். காது இருப்பதே தெரியவில்லை. கழற்றத் தெரிந்தவர் கதீஜா பீவிதான். அவரை உள்ளே அழைத்தோம். மருமகளின் தலைமாட்டில் நின்று ஒவ்வொரு வளையமாகக் கழற்றினார்.  

"காதுல இன்னா பாக்கப் போறீங்க, டாக்டரம்மா?"

டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே பதில் சொன்னார். "மயக்கத்துல இருக்கும்போது மூச்சு நின்னா ரத்தம் நீலமாயிடும். அதை நகத்துலதான் பார்ப்போம். இவ நகமெல்லாம் மருதாணி. அதனால காதுல பார்க்கப் போறோம்."

கதீஜா பீவியின் கை அப்படியே நின்றது.

"அப்ப... நகத்த சுரண்டறது இதுக்குத்தானா?"

"இதுக்குத்தான்."

"யா அல்லா! நான் இன்னாமோ மருதாணி வெச்சாப் பாவம்னு சொல்றாங்கன்னு நெனச்சிக்கினு கீறேன். இவ ஆஸ்பத்திரிக்குப் போலாம் மாமின்னா. நான்தான் போவாத, வெச்சத எல்லாம் சுரண்டிப் பூடுவாங்கன்னு ஊட்லயே வெச்சிக்கினேன்."

 கடைசி வளையத்தையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு அவர் வெளியே போனார்.

மேட்ரன் ஆபரேஷன் மேஜையை ஜன்னல் பக்கமாகத் திருப்பச் சொன்னார். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நீலத்தைக் கண்டுபிடிக்க முடியாது, பகல் வெளிச்சம் வேண்டும். முகமூடியை வைத்துச் சொட்டு விட ஆரம்பித்தார். என்னைக் காதோரம் நிறுத்தினார். "வயித்துல என்ன நடக்குதுன்னு பாக்காத. குழந்தை அழுதாலும் திரும்பாத. உனக்கு இந்தக் காது மட்டுந்தான் உலகம்" என்றார்.

நான் அந்தக் காதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சின்னக் காது. நகை கிடந்த துளைகள் வரிசையாகத் தெரிந்தன. வெளிறிய ரோஜா நிறம். ஈதர் வாசனையில் எனக்கே கண் எரிந்தது. டாக்டரம்மா கத்தி கேட்பதும், கருவிகள் தட்டில் விழும் சத்தமும் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல இருந்தது. திடீரென்று அந்த ரோஜா நிறத்தில் ஒரு சாம்பல் கலந்ததுபோலத் தோன்றியது. என் நிழலோ என்று தலையை நகர்த்திப் பார்த்தேன். நிழல் இல்லை.

"சிஸ்டர், காது கறுக்குது."

மேட்ரன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முகமூடியைத் தூக்கினார், இரண்டு கையாலும் தாடையை முன்னுக்குத் தள்ளினார். நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்திருந்தது. அதை இழுத்துப் பிடித்து, ஆக்ஸிஜன் குழாயை மூக்கருகே வைத்தார். ஒரு கரகரப்பு. பிறகு நீண்ட மூச்சு. காதைப் பார்த்தேன். சாம்பல் நிறம் போகவில்லை. இன்னும் போகவில்லை. மேட்ரனின் உதடு அசைந்துகொண்டே இருந்தது, ஜெபம்தான். பிறகு மடலின் நுனியிலிருந்து நிறம் மெல்ல ஏறியது. ரத்தம் நடந்து வந்தது.

"வந்துருச்சு, சிஸ்டர்" என்றேன். என் குரல் எனக்கே அழுகை போலக் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் குழந்தை வீறிட்டது. நான் திரும்பவில்லை. பெண் குழந்தை என்பது எனக்கு எல்லாம் முடிந்து தையல் போட்ட பிறகுதான் தெரிந்தது.

சாயங்காலம் பல்கீஸ் தெளிந்து கண் திறந்தாள். குழந்தையைத்தான் கேட்பாள் என்று தொட்டிலருகே நின்றேன். அவள் போர்வைக்குள்ளிருந்து இரண்டு கையையும் மெல்ல வெளியே எடுத்து, முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"சுரண்டலியா?" என்றாள்.

"இல்லம்மா. அப்படியே இருக்கு."

"மாமி ரெண்டு நாளா உக்காந்து வெச்சுது, நர்ஸம்மா. எடுத்துட்டா அதுக்கு மனசு ஒடஞ்சி பூடும்." அப்புறம்தான், "புள்ள எங்க?" என்று கேட்டாள்.

அவள் வார்டில் இருந்த நாட்களில் ஒரு மத்தியானம் மேட்ரன் கதீஜா பீவியை வராந்தாவுக்கு அழைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பார்க்க வந்தவர்களுக்கு அவர் நாற்காலி போட்டு நாங்கள் பார்த்ததில்லை.

"நீங்க சொன்னத யோசிச்சுப் பார்த்தேம்மா. காரணத்தச் சொல்லியிருக்கணும். இப்பச் சொல்லுதேன். எனக்கு ஒரு நகம் போதும். ஒரே ஒரு நகம் சுத்தமா இருந்தா, மத்தது எப்படி இருந்தாலும் நான் கேக்க மாட்டேன்."

"ஒண்ணு போதுமா?" கதீஜா பீவிக்கு நம்ப முடியவில்லை. "இத்தினி அழுகையும் ஒரு நகத்துக்கா, சிஸ்டரம்மா? எந்த வெரலு வோணும், சொல்லு."

மேட்ரன் தன் இடது கையை நீட்டி மோதிர விரலைக் காட்டினார். கதீஜா பீவி அந்த விரலைத் தன் உள்ளங்கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துணிக்கடையில் சேலை பார்க்கிறவர் மாதிரி முகம்.

"சும்மா உட்டா நல்லா இருக்காது. மறந்து பூட்டாங்கன்னு நெனப்பாங்க. பொண்ணுக்குக் கொறையாப் பூடும்." கொஞ்சம் யோசித்தார். "வெரலு அடியில மோதிரம் மாதிரி ஒரு சுத்து. அதுலேர்ந்து ரெண்டு எல. அதோட நிறுத்திடறேன். மேல நகம் வரைக்கும் வெறுமனே உட்டா, வேணும்னே உட்ட மாதிரி தெரியும். இன்னா சொல்றே?"

"போட்டுப் பாத்தாத்தான் தெரியும்" என்றார் மேட்ரன்.

"யாருக்குப் போட?"

நர்ஸுகள் மருதாணி இடக் கூடாது என்பது மேட்ரனின் சட்டம். நாங்கள் நாலைந்து பேர் வராந்தாத் தூணோரம் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆடியில் அம்மா மருதாணி அரைக்கும்போதெல்லாம் வாசனையை மட்டும் பிடித்துவிட்டு வேலைக்கு ஓடி வருகிற எனக்கு மனசு அடித்துக்கொண்டது. என்னைக் கூப்பிட மாட்டாரா என்று ஏக்கம். மேட்ரன் எங்கள் யாரையும் கூப்பிடவில்லை. நீட்டிய விரலை மடக்கவும் இல்லை.

"எனக்கே போடுங்க. நகத்துல வழியுதா இல்லையான்னு நானே பாக்கணும்லா?"

மறுநாள் கதீஜா பீவி வீட்டிலிருந்து சின்னக் கிண்ணத்தில் அரைத்துக்கொண்டு வந்தார். மேட்ரன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஈர்க்குச்சி நுனி விரலைச் சுற்றி வந்தது. வட்டம் தொடங்கிய இடத்திலேயே வந்து சேர்ந்தது. பிறகு இரண்டு இலை. காய்கிற வரை அந்த விரலை மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு வார்டில் ரவுண்ட்ஸ் வந்தார் எங்கள் மேட்ரன். எந்த நர்ஸும் சிரிக்கவில்லை. மருந்து அறைக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் சிரித்தோம். மருதாணி நன்றாகவே சிவந்தது. கல்யாணமே ஆகாத அந்த அம்மாள் விரலில் நான் பார்த்த ஒரே மோதிரம் அதுதான்.

அதற்குப் பிறகு கட்டளை மாறியது. ஒவ்வொரு கர்ப்பிணியிடமும், "மருதாணி வெச்சுக்கோ, நல்லா வெச்சுக்கோ, இந்த ஒரு நகத்தை எங்களுக்கு விட்டுடு" என்று காரணத்தோடு சொன்னோம். கதீஜா பீவி தான் போகிற வீடுகளில் எல்லாம் அந்த மோதிரத்தை இழுத்தார். வேறு யார் சொல்லியிருந்தாலும் இவ்வளவு வேகமாகப் பரவியிருக்காது. தொப்பி வைக்கிற காட்டுப்பாக்கத்து வீடுகளில் ஒரு விரலை மட்டும் தொப்பி இல்லாமல் விட்டு, அடியில் ஒரு கோடு சுற்றினார்கள். ஆஸ்பத்திரி மோதிரம் என்று பேர் வந்தது. பிறகு அது அழகென்று ஆகி, கர்ப்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லாத பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடப் போட்டுக்கொண்டார்கள். தடுப்பூசிக்கு வந்த பாவாடைச் சிறுமி ஒருத்தியின் விரலில் அதைப் பார்த்துவிட்டு, "உனக்கு எந்த மாசம் பிள்ளே?" என்று மேட்ரன் கேட்க, அந்தக் குழந்தை, "ஆடி மாசம்" என்று பதில் சொன்னது.

பெஞ்சு நிறைந்தது. வளைகாப்பு முடிந்த கையோடு வளையல் குலுங்க வந்து உட்கார்ந்தார்கள். எத்தனை பேருக்கு அந்த ஒரு நகத்தில் வெளுப்பைப் பார்த்து முன்கூட்டியே இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தோம், எத்தனை பேரைச் சரியான நேரத்தில் பட்டணத்துக்கு அனுப்பினோம் என்று நான் கணக்கு வைக்கவில்லை. நிறையப் பேர்.

எழுபதுகளின் நடுவில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு மயக்க மருந்து கொடுக்க ஒரு இளம் டாக்டர் பட்டணத்திலிருந்து வர ஆரம்பித்தார். நல்ல பையன், எதையும் விசாரிக்கிற சுபாவம். ஒரு நாள் கோவில்பதாகையிலிருந்து வந்த ஒரு கர்ப்பிணியைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். புருஷன் ஆவடியில் ஃபாக்டரி வேலை, அவள் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கை முழுக்க மருதாணி, இடது மோதிர விரலில் சுற்றும் இரண்டு இலையும், மேலே வெறும் நகம். நானும் மேட்ரனும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

"இங்க வர்ற எல்லாரும் இந்த ஒரு நகத்தை மட்டும் விட்டுடறீங்களே, ஏம்மா?" என்று கேட்டார்.

அவள் அவரை ஒன்றும் தெரியாதவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அது சாமிக்கு உடறது சார். புள்ளத்தாச்சி ஒரு நகத்த சாமிக்கு உட்டுடணும். அப்பத்தான் தாயும் புள்ளையும் நல்லா வரும்."

"யார் சொன்னாங்க?"

"எங்க மாமியாருதான். அவங்களுக்கு அவங்க மாமியாரு சொல்லிச்சாம். எங்க ஊருல ஆதி காலத்துலேர்ந்து கீற வழக்கம் சார் இது."

எனக்குப் பேச்சு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கதீஜா பீவி, பல்கீஸ், அந்தக் காது, எல்லாவற்றையும் சொல்லிவிட வாய் திறந்தேன். மேட்ரன் என் கையை லேசாகத் தொட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

அவர் குனிந்து அந்தப் பெண்ணின் இடது கையை எடுத்தார். ஈரப் பஞ்சால் விரலைத் துடைத்து, வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"சாமிக்கு விட்டதுதானே, தாயி. நான் கொஞ்சம் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி நகத்தை அழுத்தினார்.